பூனைக்குப் பூட்டு!

மெல்போர்ன் நகரின் புறநகர் ஒன்றில் பொழுது விடிகிறது. வீட்டுக்காரி வாசற்கதவைத் திறக்கிறாள். கால்மிதியின் மேல் ஒரு சிறு குருவி கிடக்கிறது. கழுத்து ஒரு பக்கமாகத் துவண்டிருக்கிறது. பக்கத்தில், வாலைக் காலோடு சுற்றி அடக்கிக்கொண்டு வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கிறது. அதன் முகத்தில் குற்றம் செய்த பாவனை துளியும் இல்லை. "கொண்டு வந்திருக்கிறேன், பார்!" என்பதுபோல ஒரு குரல் கொடுக்கிறது. நேற்றிரவு இதே பூனைதான் குழந்தையின் போர்வைக்குள் சுருண்டு உறங்கிற்று.

வீட்டுக்காரி என்ன செய்வாள்? இரண்டு வார்த்தை திட்டுவாள். குழந்தைகள் எழுந்து வருவதற்குள் குருவியைக் காகிதத்தில் சுற்றித் தோட்டத்து மூலையில் புதைப்பாள். பிறகு உள்ளே போய்ப் பூனைக்குத் தட்டில் தீனி வைப்பாள். பூனையைச் செல்லமாக வளர்க்கும் தேசங்களிலெல்லாம் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் சிறு நாடகம் இது. நாடகத்தில் பாத்திரங்கள் மூவர்: பூனை, குருவி, எஜமானி. இப்போது நாலாவது பாத்திரமாகச் சர்க்கார் மேடை ஏறியிருக்கிறது.

2025 நவம்பரில் நியூஸீலந்தின் இயற்கைப் பாதுகாப்பு மந்திரி டாமா பொடாகா ஓர் அறிவிப்புச் செய்தார். 2050-க்குள் அந்த நாட்டு மண்ணிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட வேண்டிய பிராணிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2016-ல் திட்டம் தொடங்கியபோது அதில் எலிகளும், போசமும், ஸ்டோட் முதலான சிறு ஊனுண்ணிகளும் இருந்தன. காடேறிய பூனையும் இனி அந்தப் பட்டியலில் சேரும் என்பதே அறிவிப்பு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2023 செப்டம்பரில், ஆஸ்திரேலியாவின் அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி டான்யா பிலிபர்செக் இதே வகைப் பூனைகளின்மீது யுத்தப் பிரகடனமே செய்திருந்தார். 2025 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் நடந்ததோ வேறு கூத்து. அபாயத்திலிருக்கும் பறவைகள் வாழும் இடங்களை ஒட்டியாவது வீட்டுப் பூனைகளை அடைத்து வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று பிராணிகள் நலக் கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. பூனை வளர்ப்போரிடையே கிளம்பிய அமளியைப் பார்த்து, முதல் மந்திரி ஜான் ஸ்வின்னி அவசர அவசரமாக முன்வந்து, பூனைகளைத் தடை செய்யும் எண்ணம் சர்க்காருக்குக் கிடையவே கிடையாது என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பூனை பிடித்த குருவியும் ஒரு ராஜாங்க விஷயமா என்று சிரிக்கத் தோன்றும். சிரிப்பதற்கு முன் ஒரு தீவின் கதையைக் கேட்டுவிடுவது நல்லது.

கலங்கரை விளக்கத்துப் பூனை

நியூஸீலந்தின் வட தீவுக்கும் தென் தீவுக்கும் இடையிலுள்ள ஜலசந்தியில் ஸ்டீபன்ஸ் தீவு இருக்கிறது. மாவோரிகள் அதை டாகாபோரேவா என்பார்கள். சுமார் 150 ஹெக்டேர் பரப்பே உள்ள பாறைத் தீவு. 1894 ஜனவரியில் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. விளக்கைக் கவனிக்க வந்த உத்தியோகஸ்தர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் குடியேறினார்கள். அவர்களோடு பூனையும் வந்தது.

உதவி விளக்குக் காவலராக இருந்த டேவிட் லையாலுக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு. பூனை கவ்வி வந்து போட்ட இரைகளில் ஒன்று அவருடைய கண்ணில் பட்டது. சுண்டெலி அளவே இருந்த பழுப்பு நிறக் குருவி. இறக்கையோ பறப்பதற்கு உதவாத அளவுக்குச் சிறியது. அவர் அதைப் பாடம் செய்து, சர்க்கார் கப்பலொன்றின் எஞ்சினீயர் மூலமாக, நாட்டின் பிரபல பறவை நிபுணரான வால்டர் புல்லருக்கு அனுப்பினார். புல்லர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்: உலகம் அதுவரை அறியாத ஒரு பறவை இனம்! உடனே லண்டனுக்கு எழுதினார். இதற்குள் விஷயம் வியாபாரிகள் காதுக்கும் எட்டிவிட்டது. ஒன்பது உடல்கள் இங்கிலாந்தின் கோடீஸ்வரர் வால்டர் ராத்ஸ்சைல்டுக்கு விலைக்குப் போயின. யார் முதலில் பெயர் சூட்டுவது என்று இரண்டு கனவான்களும் போட்டி போட்டார்கள். 1894 டிசம்பரில் ராத்ஸ்சைல்டு முந்திக்கொண்டார். லையாலின் பெயர் அந்தப் பறவைக்கு நிலைத்தது.

பெயர் நிலைத்தது, பறவை நிலைக்கவில்லை. லையால் அதை உயிரோடு பார்த்தது இரண்டே முறைதான். பாறை இடுக்குகளில் எலியைப்போல் ஓடிற்றாம். பெயர் சூட்டிய சில காலத்துக்குள்ளேயே அந்த இனம் கண்ணில் படாமல் மறைந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பவை பொருட்காட்சி சாலைகளில் பஞ்சு அடைத்து வைத்திருக்கும் சுமார் பதினைந்து உடல்களே.

ஒரே ஒரு பூனை ஓர் இனம் முழுவதையும் தின்று தீர்த்தது என்று இந்தக் கதையை மேல்நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது மிகைதான். 2004-ல் பழைய கடிதங்களையும் தேதிகளையும் ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சியில், தீவுக்கு வந்த பூனை குட்டி போட்டுப் பெருகியதையும், பெருகியவை காடேறியதையும், எல்லாமாகச் சேர்ந்துதான் வேலையை முடித்ததையும் கண்டுபிடித்தார்கள். 1899-க்குள் காவலர் ஒருவர் நூற்றுக்கு மேற்பட்ட பூனைகளைச் சுட்டுத் தள்ள நேர்ந்தது. கடைசிப் பூனை ஒழிய 1925 ஆயிற்று. இன்னொன்றும் உண்டு. அந்தக் குருவி ஒரு காலத்தில் நியூஸீலந்தின் பெரிய தீவுகளிலும் வாழ்ந்ததுதான். அங்கே அதை முடித்தவை, மாவோரிகளின் படகுகளில் வந்த எலிகள். ஆக, எலி தொடங்கிய காரியத்தைப் பூனை முடித்தது. எலிக்கும் பூனைக்கும் ஒத்துப்போன காரியம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

ஆனால் கதையின் சாரம் மிகையில்லை. அந்த இனத்தை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததும் பூனை. உலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் பூனை. அதுவும் காட்டு மிருகமல்ல. மனிதன் கூடவே அழைத்துச் சென்ற வீட்டுப் பூனை.

ஏன் கொண்டு வருகிறது?

வயிறு நிறையச் சோறு போட்டால் பூனை வேட்டைக்குப் போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. 1976-ல் வெளியான ஒரு பரிசோதனையில், தனக்கு மிகவும் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் எதிரே எலியை விட்டுப் பார்த்தார்கள். அவை உணவை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து எலியைக் கொன்றன. கொன்ற எலியைத் தட்டின் அருகே கொண்டுவந்து போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தன! பசி ஒரு தனிக் கணக்கு, வேட்டை ஒரு தனிக் கணக்கு. ஒரு நாளைக்குப் பல சிறு இரைகளைப் பிடித்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில் வளர்ந்த ஜாதி அது. பசித்த பிறகு தேடலாம் என்று காத்திருந்த பூனை பட்டினி கிடந்திருக்கும்.

சரி, வீட்டுக்கு ஏன் தூக்கி வரவேண்டும்? எஜமானருக்குக் காணிக்கை என்று அன்பர்கள் சொல்வார்கள். தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், பிறகு குற்றுயிரான இரையையும் கொண்டுவந்து பழக்குவது உண்மைதான். அந்தச் சுபாவமே மனிதர் பக்கம் திரும்பியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. வேறு பூனை வந்து பிடுங்காத பத்திரமான இடத்தைத் தேடித் தூக்கி வருகிறது, அவ்வளவே என்பது இன்னொரு கட்சி. காணிக்கையோ, கிடங்கோ, குருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

குற்றுயிராக வந்த குருவியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தண்ணீர் காட்டி, தெளிந்ததும் பறக்கவிடும் நல்ல உள்ளங்களும் உண்டு. மேலுக்குக் காயம் தெரியாவிட்டாலும் பூனையின் பல்லிலும் நகத்திலும் உள்ள கிருமிகள் ஏறிவிட்டால், மருந்து கொடுக்காத சிறு பறவை ஓரிரு நாட்களில் இறந்துவிடுவது சகஜம் என்கிறார்கள் மிருக வைத்தியர்கள். "பிழைத்துப் பறந்துவிட்டது" என்று எழுதிக்கொண்ட கணக்கில் பாதி, வேலிக்கு அப்பால் புதரடியில் முடிந்திருக்கும்.

வாசலுக்கு வராத கணக்கு

கணக்கு என்றதும் விஷயத்தின் மர்மஸ்தானத்துக்கு வந்துவிடுகிறோம். "எங்கள் பூனை ரொம்பச் சாது. மாதம் ஒன்று, இரண்டு பிடித்தால் அதிகம்!" என்று சொல்லாத பூனைக்காரர் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததைத்தான் அவர் எண்ணியிருக்கிறார்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஏதன்ஸ் நகரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு காமிராவைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. பூனைகளில் 44 சதவிகிதம் வேட்டையாடின. பிடித்த இரையில் வீடு வந்து சேர்ந்தது 23 சதவிகிதமே. ஏறக்குறையப் பாதி, கொன்ற இடத்திலேயே கிடந்தது. மற்றதைத் தின்றுவிட்டன.

ஆஸ்திரேலியாவில் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2020-ல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். அங்கே வீடு திரும்பும் இரை 15 சதவிகிதம்தான் என்று கண்டார்கள். அப்போது அந்நாட்டில் வளர்ப்புப் பூனைகள் சுமார் 38 லட்சம். அவற்றில் 71 சதவிகிதம் வெளியே திரிபவை. திரிபவற்றில் 78 சதவிகிதம் வேட்டையாடுபவை. அப்படி வேட்டையாடும் பூனை ஒன்றுக்குச் சராசரி, வருஷத்துக்கு 186 உயிர்கள்: ஊர்வன, பறவைகள், சிறு பாலூட்டிகள் எல்லாம் சேர்த்து. அதில் 110 அந்த மண்ணுக்கே உரியவை. வருஷத்தில் 28 உடல்களை வாசலில் பார்த்த எஜமானர், பாராதவை இன்னும் 158 என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நாடு முழுவதற்கும் கூட்டினால் வருஷத்துக்கு 39 கோடி.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது பூனையல்ல.

காடேறிய பூனையோ, அதே மதிப்பீட்டின்படி, தலைக்கு 748 உயிரைக் கொல்கிறது. அதற்குத் தட்டில் சோறு வைப்பார் இல்லை, வேட்டைதான் பிழைப்பு. (நம் ஊரில் காட்டுப்பூனை என்று சொல்லும் தனி ஜாதியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது வீட்டுப் பூனையேதான். மனிதனை விட்டுக் காட்டோடு போய்விட்டது.) அப்படியானால் காடேறியதுதானே பெரிய குற்றவாளி என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு ஒரு திருப்பம் திரும்புகிறது. காட்டில் பூனைகள் இடைவெளி விட்டு வாழ்கின்றன. புறநகரிலோ தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு பூனை. ஆகவே ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டால், வீட்டுப் பூனைகள் அங்கே கொல்லும் உயிர்கள், காட்டில் அதே பரப்பில் காடேறிய பூனைகள் கொல்வதைப்போல் 28 முதல் 52 மடங்கு! ஊர் ஓரத்துப் பட்சிகளுக்கும் அரணைகளுக்கும் எமன் காட்டிலிருந்து வரவில்லை; சோபாவிலிருந்து இறங்கி வருகிறான்.

அதே பூனை, வேறு மண்

இங்கிலாந்திலும் பூனைகள் குறைவாகப் பிடிப்பதில்லை. 1997-ல் ஐந்து மாதம் 618 வீடுகளில் கணக்கெடுத்தார்கள். 986 பூனைகள் கொண்டுவந்து போட்டவை 14,370. ஆயினும் அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கம், பூனைகளால்தான் பறவைகள் அருகுகின்றன என்பதற்குத் தெளிவான அத்தாட்சி இல்லை என்றே பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. காரணம் உண்டு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பூனை ஜாதி ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. அங்குள்ள குருவிகளுக்குப் பூனை பழைய பகையாளி. எங்கே கூடு கட்டுவது, எப்போது எச்சரிக்கைக் குரல் கொடுப்பது என்று பரம்பரையாகப் பாடம் படித்தவை. நம் நாட்டில் காட்டுப்பூனையும் துருப்பிடித்த நிறப் புள்ளிப் பூனையும் இருக்கும் காடுகளில் வாழும் பறவைகளுக்கும் இந்தப் பாடம் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கப்பலேறி வருவதற்கு முன் பூனை என்பதே கிடையாது. நியூஸீலந்திலோ வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லை. பறந்து தப்ப வேண்டிய அவசியமே இல்லாததால் அங்கே பல பறவைகள் பறப்பதை மறந்தன, தரையில் முட்டையிட்டன, ஆபத்தென்றால் அசையாமல் நின்றன. மேலே வட்டமிடும் வல்லூறுக்கு அது நல்ல தந்திரம். மோப்பம் பிடித்து வரும் பூனைக்கு அது விருந்து வைத்த இலை. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் வந்த பிறகு பூண்டோடு அழிந்துபோன பாலூட்டி இனங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றின் முடிவில் பூனைக்குப் பங்கு உண்டு என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். எனவே லண்டன்வாசியின் வாதத்தை மெல்போர்ன்வாசி கடன் வாங்குவது செல்லாது.

ஓட்டு இல்லாத பூனையும் ஓட்டு உள்ள பூனையும்

2015-ல் ஆஸ்திரேலிய சர்க்கார், 2020-க்குள் இருபது லட்சம் காடேறிய பூனைகளைக் கொல்வது என்று குறி வைத்தது. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கண்டனக் கடிதம் எழுதினார். இங்கிலீஷ்ப் பாடகர் மோரிசி சீறினார். ஆனால் உள்ளூரில் பெரிய எதிர்ப்பு இல்லை. கங்காரு இறைச்சியில் விஷம் கலந்த துண்டங்களை ஆகாய விமானத்திலிருந்து தூவுகிறார்கள். பூனை கடந்து போகும்போது உருவத்தை அறிந்து அதன் மயிர்மேல் விஷக் களிம்பைத் தெளிக்கும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் வழக்கமே அதற்கு முடிவாகிறது. நாட்டின் நடுமையத்தில் நியூஹேவன் என்ற இடத்தில் 44 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்சார வேலி கட்டி 2018-ல் முடித்து, உள்ளே இருந்த பூனைகளை அடியோடு நீக்கி, அழிவின் விளிம்பிலிருந்த சிறு விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையில் கை கொடுத்தவர்கள் வால்பிரி என்னும் ஆதிகுடிகள். மணலில் பதிந்த காலடியைப் பார்த்தே பூனையைத் தொடரும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. இயந்திரங்களுக்கும் எட்டாத பூனையை அவர்களுடைய கண் எட்டிப் பிடித்தது.

இவ்வளவும் காடேறிய பூனைக்கு. வீட்டுப் பூனை என்று வந்துவிட்டால் ராஜ்யங்களின் வீரம் சட்டென்று அடங்கிப் போகிறது. நியூஸீலந்தின் 2025-ம் ஆண்டு அறிவிப்பில்கூட, வளர்ப்புப் பூனைகளுக்கு இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொன்னார்கள். அந்நாட்டில் வீடுகளில் இருக்கும் பூனைகள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். பூனைக்கு ஓட்டு இல்லை. ஆனால் அது ஓட்டு உள்ளவரின் மடியில் படுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1998-ல் வந்த செல்லப் பிராணிகள் சட்டம், பூனையை வீட்டோடு நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நகரசபைகளுக்குக் கொடுக்கவில்லை. நகரசபைகள் கேட்டுக்கேட்டுச் சலித்தன.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்வி இங்கே நிஜமாகவே எழுகிறது. மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணி கட்டினால் இரை குறையும் என்று முன்னால் சில ஆராய்ச்சிகள் சொன்னதுண்டு. 2021-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் சர்வகலாசாலையார் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்துப் பார்த்தபோது, மணியால் குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரப் பூனை மணி ஒலிக்காமல் நடக்கக் கற்றுக்கொள்கிறது போலும்! தானியம் கலவாத, இறைச்சி மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் கொண்டுவரும் இரை 36 சதவிகிதம் குறைந்தது. தினம் ஐந்து, பத்து நிமிஷம் நூலில் இறகைக் கட்டி ஆட்டி விளையாடிய வீடுகளில் 25 சதவிகிதம் குறைந்தது. கழுத்தில் பளிச்சென்ற பல வண்ணத் துணிப்பட்டை மாட்டியபோது பறவைகள் மட்டும் 42 சதவிகிதம் குறைவாக அகப்பட்டன. நிறத்தைக் கண்டு உஷாராகிப் பறந்துவிடுகின்றன. எலிக்கு அந்தப் பட்டையால் லாபமில்லை. வீட்டுக்காரர் யாருக்கும் இவை செலவோ சிரமமோ அதிகமில்லாத நல்ல உபாயங்கள். ஆனால் 36-ம் 42-ம் நூறு ஆகாது. கூட்டில் கடைசியாக மிஞ்சிய குஞ்சுக்குச் சதவிகிதக் கணக்கு என்ன செய்யும்?

மற்றொரு வழி கதவுதான்.

கான்பெராவின் தந்திரம்

ஜெர்மனியில் ஹைடல்பெர்க்குக்குப் பக்கத்தில் வால்டார்ப் என்ற ஊர். அங்கே தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகள் சில ஜோடிகளே மிஞ்சியிருந்தன. 2022 மே மாதம் அதிகாரிகள் ஓர் உத்தரவு போட்டார்கள்: ஊரின் ஒரு பகுதியில் ஆகஸ்டு முடியும்வரை பூனைகள் வெளியே வரக்கூடாது, மீறினால் 500 யூரோ அபராதம், வானம்பாடிக்குத் தீங்கு நேர்ந்தால் 50,000 யூரோ வரை! கயிற்றில் பிடித்து உலாத்தலாம். ஊரார் கொதித்துப் போனார்கள். நேற்றுவரை சுற்றித் திரிந்த பூனையை இன்று அடைத்தால் அது கதவைப் பிராண்டும், ஜன்னலில் நின்று அலறும், வீடே ரணகளமாகும். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. வானம்பாடியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களும் மோதிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த மோதலைத் தவிர்க்க ஒரு யோசனை முன்பே நியூஸீலந்தில் தலை காட்டிற்று. 2013-ல் பொருளாதார நிபுணர் காரெத் மார்கன் ஒரு பிரசாரம் தொடங்கினார்: இருக்கிற பூனை இருந்துவிட்டுப் போகட்டும், அது போன பிறகு இன்னொன்று வேண்டாம். 2018-ல் அந்நாட்டின் தென்கோடியில் ஓமாவி என்ற சிறு கடற்கரை ஊருக்கு இதே போன்ற திட்டத்தை உள்ளூர் அதிகார சபை முன்வைத்தது. இரண்டு முறையும் உலகப் பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களில் வந்ததே தவிர, ஜனங்கள் ஏற்கவில்லை. ஒரு ஊரே பூனையில்லாமல் இரு என்றால் யார் கேட்பார்கள்?

ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெரா, அந்த யோசனையில் கசப்பை எடுத்துவிட்டுச் சாரத்தை வைத்துக்கொண்டது. அந்நகரின் வட கோடியில் மல்லிகன்ஸ் பிளாட் என்ற சரணாலயம் இருக்கிறது. சுற்றிலும் வேலி போட்டு, பெருநிலத்தில் இல்லாமலே போய்விட்ட பெட்டாங், கிழக்குக் குவோல் முதலிய பிராணிகளை மறுபடி வாழ வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டி எழுந்த போர்ட், பானர் ஆகிய புது நகர்ப்பகுதிகளில், 2005 முதல், குடியேறும்போதே நிபந்தனை: பூனை வீட்டோடு. தெரிந்தே வந்தவர்களாகையால் முணுமுணுப்பு குறைவு. அந்தப் பழக்கத்தை நகரம் முழுவதற்கும் விரித்தபோதுதான் சாமர்த்தியம் வெளிப்பட்டது. 2022 ஜூலை 1-ந் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த பூனைகள் வெளியே திரியக் கூடாது. அதற்கு முன் பிறந்தவை, ஏற்கனவே தடையிருந்த பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில், ஆயுள் உள்ளவரை பழையபடி உலாவலாம் என்று சட்டம் வந்தது. வெளியே போய்ப் பழகாத குட்டிக்கு ஜன்னலுக்கு அப்பால் உள்ளது வெறும் காட்சிதான், இழந்த ராஜ்யமல்ல. தோட்டத்தில் வலை அடித்துக் கூண்டு கட்டி வெயில் காய விடுகிறார்கள். காரில் அடிபட்டும் சண்டையில் காது கிழிந்தும் வரும் பூனைகளும் இதனால் குறையும். அந்த வகையில் சட்டம் பூனைக்கும் உபகாரமே.

இதை மறுத்துப் பேசுகிறவர்களும் இல்லாமலில்லை. அடைபட்ட பூனை கொழுத்துச் சோம்பிவிடும், வேட்டைச் சுபாவத்தை அடக்குவது ஒரு வகைக் கொடுமை என்கிறார்கள். அது முற்றும் பொய்யல்ல. வீட்டோடு வைப்பவர் அதனோடு விளையாட வேண்டும். ஏறவும் ஒளியவும் இடம் செய்து தர வேண்டும். மலப்பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே திறந்துவிட்டவரின் சௌகரியம் இவருக்குக் கிடையாது. உண்மையில் பல வீடுகளில் பூனையின் சுதந்திரம் என்று பேசப்படுவது எஜமானரின் சௌகரியத்தைத்தான். வேட்டைச் சுபாவத்தைப் பூனை தானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. கதவைத் திறப்பதும் சாத்துவதும் மனிதர் தேர்ந்துகொள்ளுகிற காரியம். ஆயிரம் மைல் தள்ளி விமானத்திலிருந்து விஷம் தூவச் சம்மதிக்கும் ஒரு நாடு, தன் வீட்டு வாசலில் ஒரு தாழ்ப்பாள் போடத் தயங்குமானால், அந்தத் தயக்கத்துக்கு ஜீவகாருண்யம் என்று பெயர் வைப்பது பொருந்தாது.

இவ்வகைச் சட்டத்தின் பலன் உடனே தெரியாது. மெல்போர்னின் கிழக்கே ஷெர்புரூக் காட்டில், கேட்ட ஒலியையெல்லாம் திருப்பிப் பாடும் லையர்ப் பறவைகளைக் காக்க 1991-லேயே பூனைகளுக்கு இரவு ஊரடங்கு விதித்தார்கள். கூடவே நரிகளையும் ஒடுக்கினார்கள். பறவைகள் பெருகியது ஆண்டுகள் பல சென்ற பிறகுதான். கான்பெராவும் காத்திருக்க வேண்டியதுதான். நன்றாகப் பேணிய பூனை பதினைந்து வருஷம் தாராளமாக இருக்கும். ஆகவே, வெளியே போக உரிமை பெற்ற கடைசிப் பூனை கண் மூடும்போது 2037 ஆகியிருக்கலாம், இன்னும் தாமதமாகலாம்.

அதுவரை கான்பெராவின் பல தெருக்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருவகைப் பூனைகளும் இருக்கும். 2022 ஜூன் 30-ந் தேதி பிறந்தது, விடியற்காலையில் பனி படிந்த புல்லில் பதுங்கிப் பதுங்கி வேலியோரம் போகும். மறுநாள் பிறந்தது ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.